இரண்டு பேர் வேண்டிய ஓடம்

புதிதாக வந்த யாரிடமும் அவர் வணக்கம் சொல்லி நான் பார்த்ததில்லை. பெயர் கேட்க மாட்டார், ஊர் கேட்க மாட்டார். ஆள் உள்ளே வந்ததுமே, வெகுநாள் பழகியவரைக் கூப்பிடுவதுபோல, "சும்மா இருந்தா இங்கிட்டு வாங்களேன், ஒரு சின்ன ஒத்தாசை" என்பார். வந்தவர் கலெக்டராக இருந்தாலும் கல்லூரிப் பிள்ளையாக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. தன்னைப் பற்றி யாரும் எழுதுவது அவருக்குப் பிடிக்காது.

'உள்ளே' என்று நான் சொல்வது ஒரு விளையாட்டுக்குள். ஊரடங்குக் காலத்தில் நானும் என் நண்பன் செந்திலும் சேர்ந்து செய்த ஆன்லைன் விளையாட்டு. நான் கீரனூரில் வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவன். செந்தில் தினமும் பஸ்ஸில் திருச்சிக்குப் போய் வருபவன். எங்கள் விளையாட்டில் படம் கிடையாது, சத்தம் கிடையாது, முழுக்க எழுத்து. போனில் திறந்தால், 'நீங்கள் சந்தை வாசலில் நிற்கிறீர்கள். கிழக்கே ஒரு குளம் தெரிகிறது' என்று வரும். 'கிழக்கே போ' என்று எழுதினால் குளக்கரை வரும். அங்கே நிற்பவர்களின் பெயர்களும் வரும். அவர்கள் எங்கெங்கோ தங்கள் வீடுகளில் உட்கார்ந்து அதையே வாசித்துக்கொண்டிருக்கும் நிஜ மனிதர்கள். அவர்களோடு பேசலாம், சேர்ந்து காட்டுக்குள் போகலாம், கோட்டையில் புதையல் தேடலாம்.

செய்து முடித்தபோது ஊரே வந்து குவியும் என்று நினைத்தோம். வரத்தான் செய்தார்கள். வந்தவர்கள் சந்தை வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார்கள். 'யாராவது இருக்கீங்களா' என்று எழுதிப் பார்ப்பார்கள். போய்விடுவார்கள். மறுபடி வரமாட்டார்கள். நாங்கள் ஒரு நீளமான வழிகாட்டி எழுதி வைத்தோம். அதைப் பார்த்ததும் இன்னும் சீக்கிரமாகப் போனார்கள். புதிதாக வருபவருக்கு ஒரு வாளும் கேடயமும் இனாம் என்று அறிவித்தோம். வாளையும் கேடயத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அவர் முதன்முதலில் வந்தது ஒரு மத்தியான நேரம். நான் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். சந்தை வாசலில் ஒரு புதுப் பெயர் தெரிந்ததும் ஓடிப்போய் வரவேற்றேன். எப்படி நடப்பது, எப்படிப் பொருளை எடுப்பது என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. இங்க எனக்கு என்ன வேலை?" என்றார்.

"வேலைன்னு ஒண்ணும் இல்லைங்க. சும்மா சுத்திப் பாருங்க" என்றேன்.

"சுத்திப் பாக்க நான் என்ன டூருக்கா வந்திருக்கேன்?"

இதோடு இவரும் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாளும் அவர் பெயர் இருந்தது, குளக்கரையில். அங்கே செந்தில் ஒரு ஓடத்தைச் செய்து விட்டிருந்தான். இரண்டு துடுப்பு, இரண்டையும் இரண்டு பேர் சேர்ந்து போட்டால்தான் நகரும். ஒரு ஆள் எவ்வளவு முயன்றாலும், 'ஓடம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது' என்று வரும். அக்கரையில் செந்தில் ஏதோ வைக்க நினைத்து, பிறகு சோம்பேறித்தனத்தில் ஒன்றும் வைக்காமல் விட்டுவிட்டான். அதனால் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. அவர் அந்த ஓடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சந்தை வாசலுக்கு யார் வந்தாலும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஓடம் ஒத்த ஆளுக்கு நகர மாட்டேங்குது. நீங்க ஒரு துடுப்பப் புடிச்சா அக்கரைக்குப் போயிருவேன்."

புதிதாக வந்தவர்கள் பாவம், தாங்களே எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களிடம் ஒருவர் உதவி கேட்கிறார். மறுக்க முடியாமல் குளக்கரைக்கு வருவார்கள். எப்படிப் பிடிப்பது என்று கேட்பார்கள். "புடின்னு எழுதுங்க, அம்புட்டுத்தான்" என்பார். எழுதியதும், 'ஓடம் மெல்ல அசைகிறது' என்று இருவர் போனிலும் வரும். இன்னும் இரண்டு முறை எழுதினால் கரை போய்ச் சேரும். இறங்கியதும் அவர் சொல்வார்: "நல்லவேளை வந்தீங்க. இல்லாட்டி இங்கிட்டே கெடந்திருப்பேன்."

அப்படித் துடுப்பு போட்டவர்களில் பெரும்பாலானோர் மறுநாளும் வந்தார்கள்.

ஆவூர்ப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். வந்ததுமே, "நான் புதையல் தேட வந்தேன். படகு ஓட்ட வரவில்லை" என்று எழுதினார். நம்மாள் கொஞ்சமும் கோபப்படவில்லை. "சரிங்க சார். நீங்க உக்காந்து பாருங்க. நான் இன்னொருக்க தனியா முயற்சி பண்றேன்" என்று சொல்லிவிட்டு ஒற்றைத் துடுப்பைப் போட்டார். ஓடம் நின்ற இடத்திலேயே சுற்றியது. மறுபடி போட்டார். மறுபடி சுற்றியது. தலைமையாசிரியரால் அதை எவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருக்க முடியும்? "அதைக் கொடுங்கள் இப்படி" என்று வந்து ஏறிவிட்டார். அக்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் கோட்டைக்குப் போகும் வழி, கூட யாரைக் கூட்டிப்போகலாம் என்பதெல்லாம் பேசி முடித்திருந்தார்கள்.

நான் ஒருநாள் கேட்டேன். "அக்கரைல ஒண்ணுமே இல்லையே அண்ணே. எதுக்குப் போய்ப் போய் வாரீங்க?"

"ஒண்ணும் இல்லதான்" என்றார்.

அவரிடம் எங்களுக்கு ஏச்சும் உண்டு. ஒரு கல்லூரிப் பெண் முதல்முறை வந்தபோது, 'துடுப்ப புடி' என்று பேச்சுவழக்கில் எழுதினாள். விளையாட்டு 'புரியவில்லை' என்றது. 'துடுப்ப எடு' என்றாள். அதற்கும் 'புரியவில்லை'. அவள் போய்விட்டாள். அன்று சாயங்காலம் அவர் எனக்குப் போன் செய்தார். விளையாட்டில் பழகி நம்பர் வாங்கியிருந்தார்.

"வீட்டுக்கு ஒரு புள்ள வருது. வாசல்ல நின்னு ஏதோ சொல்லுது. மொத வார்த்தைக்கே புரியலைன்னு சொன்னா அது உள்ள வருமா தம்பி?"

"அது இலக்கணமா எழுதினாத்தான் அண்ணே எடுத்துக்கும்."

"அப்ப நான் எழுதுறத எப்படி எடுத்துக்குது?"

"ஒங்களுக்காக ஒத்தையா 'புடி'ங்கிறத மட்டும் செந்தில் சேத்து வச்சான். 'துடுப்ப'ன்னா அதுக்குத் தெரியாது."

"வாரவங்க எல்லாத்துக்கும் சேத்து வைக்கச் சொல்லுங்க."

செந்தில் முணுமுணுத்துக்கொண்டே சேர்த்தான். துடுப்ப, ஓடத்த, வாரேன், போறேன், ஏறிக்கிறேன், எறங்கு என்று மக்கள் வாயில் வரும் எல்லாவற்றையும் விளையாட்டுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகு விளையாட்டு 'புரியவில்லை' என்று சொல்வதே அபூர்வமாகிவிட்டது. அந்தக் கல்லூரிப் பெண் திரும்ப வரவில்லை. அதை அவர் மறக்கவும் இல்லை. "அந்தப் புள்ள வந்துச்சா?" என்று எப்போதாவது கேட்பார்.

செந்திலுக்குப் படம் வைக்க வேண்டும் என்று ஆசை. இந்தக் காலத்தில் யார் வெறும் எழுத்தை வாசிப்பார்கள் என்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோதனைக்காகக் குளக்கரையில் எழுத்தை எடுத்துவிட்டு ஒரு படத்தை வைத்தான். நன்றாகத்தான் இருந்தது. பச்சைத் தண்ணீர், கரையில் ஓடம், மேலே இரண்டு கொக்கு. கொஞ்ச நேரத்தில் அவர் போன் செய்தார்.

"தம்பி, கொளம் எங்க போச்சு?"

"அங்கதான் அண்ணே இருக்கு. படமா வச்சிருக்கோம். எப்படி இருக்கு?"

"படம் எனக்குப் பேசாதுப்பா" என்றார். "எனக்குக் கண்ணு தெரியாது."

ஒரு வருடத்துக்கு மேலாகப் பழகியவர். காட்டுக்குள் வழி தவறியவர்களைக் கூட்டி வந்தவர். கோட்டையில் எந்தப் படி உடைந்திருக்கிறது என்று எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர். அவர் போனில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதி இருந்திருக்கிறது. அவர் வாயால் சொல்வது எழுத்தாக விழுந்திருக்கிறது. அதனால்தான் எப்போதும் பேச்சுத் தமிழ். செந்தில் அந்தச் சாயங்காலமே படத்தை எடுத்துவிட்டு எழுத்தைத் திரும்ப வைத்தான். கொக்குகளை மட்டும் விட மனமில்லாமல், 'இரண்டு கொக்குகள் பறந்துபோகின்றன' என்று ஒரு வரி சேர்த்தான்.

அடுத்த வாரம் பைக்கை எடுத்துக்கொண்டு அவர் ஊரான கந்தர்வக்கோட்டைக்குப் போனேன். ஊருக்கு வெளியே, முந்திரித் தோப்பை ஒட்டிய வீடு. ஐம்பதைத் தாண்டிய, நல்ல உயரமான மனிதர். குவைத்தில் பல வருடம் லாரி ஓட்டியவர். கண்ணில் அழுத்தம் ஏறி, கவனிக்காமல் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய் ஊருக்கு வந்துவிட்டார். வீட்டில் அவர் மனைவி. தோப்பைப் பார்த்துக்கொள்வது மனைவியின் தம்பி. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

என் குரலைக் கேட்டதும் எழுந்து, சுவரைத் தடவி, எனக்கு நாற்காலி எடுக்கப் போனார். மச்சினன் பாய்ந்து வந்தார். "மச்சான், நீங்க உக்காருங்க. நான் எடுக்கறேன்." சட்டைப் பொத்தான் ஒன்று திறந்திருந்ததைப் போடப்போனார். மனைவி வந்து, "நீங்க உக்காருங்க" என்று போட்டுவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் சோற்றைப் பிசைந்து, எலும்பை எடுத்து, தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்தார்கள். அன்பு இல்லாமல் இல்லை. ஒரு குறையும் சொல்ல முடியாது.

"இந்த வீட்ல என் பேரே 'நீங்க உக்காருங்க'தான் தம்பி" என்றார் அவர்.

மச்சினன் சிரித்தார். அவருடைய அக்கா சிரிக்கவில்லை.

சாப்பிட்டுக்கொண்டே நான் அந்த அக்காவிடம் ஓடத்தைப் பற்றிச் சொன்னேன். எங்கள் விளையாட்டில் ஆட்கள் தங்குவதே இவரால்தான், வருகிறவர்களிடம் எல்லாம் இவர் உதவி கேட்பார் என்றேன். அந்த அக்காவுக்கு நம்ப முடியவில்லை.

"இவரா? இவரா ஒத்தாசை கேட்டாரு? எங்கிட்ட ஒரு சொம்பு தண்ணி கேக்க மாட்டாரே தம்பி. தவிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. நானாப் பாத்துக் குடுத்தாத்தான்."

நம்மாள் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "புதுசா வாரவனுக்கு என்ன வேணும்? வாளா வேணும்? ஒரு எடத்துல தன்னால ஒரு காரியம் ஆகுதுன்னு தெரிஞ்சா நிப்பான். இல்லாட்டி எம்புட்டு நேரம் நிப்பான்? நிக்க முடியாது. எனக்குத் தெரியும்."

மச்சினன் எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார்.

கிளம்பும்போது அந்த அக்கா வாசல்வரை வந்து, அந்த விளையாட்டைத் தன் போனில் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன். எட்டாவதுவரை படித்தவர். எழுத்துக் கூட்டி நிதானமாக வாசிப்பார்.

இரண்டொரு நாள் கழித்து அந்த அக்கா எனக்குச் செய்தி அனுப்பினார், சாயங்காலம் உள்ளே வரப்போவதாகவும், தடுமாறினால் சொல்லிக்கொடுக்க நான் இருக்க வேண்டும் என்றும். போனேன். நான் போகும்போது நம்மாள் மட்டும் குளக்கரையில். 'புதியவர் ஒருவர் வந்திருக்கிறார்' என்றதும் நம்மாள் வழக்கம்போலக் கேட்டார். "இந்த ஓடம் ஒத்த ஆளுக்கு நகர மாட்டேங்குது. ஒரு துடுப்பப் புடிக்கிறீங்களா?"

"புடிக்கிறேன். நான்தான், அடுப்படில இருந்து" என்று அந்த அக்கா எழுதினார்.

"நீயா?"

"ம்."

அந்த அக்கா குளக்கரைக்கு வந்ததும் மூவரும் ஏறினோம். அந்த அக்கா மெதுவாக எழுதினார். ஓடம் அசைந்தது. இன்னொரு முறை. நடுக்குளத்துக்கு வந்தது. அங்கே அந்த அக்கா துடுப்பை நிறுத்திவிட்டார்.

"ஊரு பேரு தெரியாதவங்ககிட்டக் கேக்குறீங்க. வீட்ல ஏன் கேக்க மாட்டேங்கிறீங்க?"

அதைப் பார்த்ததும் நான் அங்கே இருக்கக் கூடாது என்று தோன்றியது. 'இறங்கு' என்று எழுதினேன். 'நடுக்குளத்தில் இறங்க முடியாது' என்று வந்தது. அந்த வரியை நான்தான் எழுதி வைத்திருந்தேன். விளையாட்டை மூடிவிடலாம்தான். அது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

நம்மாளிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது.

"நீ எங்கிட்ட எதும் ஒத்தாசை கேட்டியா?"

திரையில் செந்திலின் கொக்குகள் பறந்துபோயின. அப்புறம் அந்த அக்கா எழுதினார்.

"இல்ல."

அந்த அக்கா துடுப்பைப் போட்டார், அவர் போட்டார், ஓடம் கரை சேர்ந்தது. நான் இறங்கி வெளியே வந்துவிட்டேன்.

அவர் வாசல் கட்டிலிலும் அந்த அக்கா சமையலறையிலும் இருந்திருக்கிறார்கள். தான் எழுதியதை அவர் போன் உரக்க வாசித்தது தனக்கே கேட்டது என்று அந்த அக்கா பின்னால் சொன்னார். "நேர்லயே கேட்டிருக்கலாமே அக்கா" என்றேன். "நேர்ல கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு தம்பி. நடுக்கொளத்துல எங்க போவாரு" என்றார்.

கோடை வந்து முந்திரிக்கொட்டை சேர ஆரம்பித்தபோது அவர் விளையாட்டுக்கு வருவது குறைந்தது. பிறகு வாரக்கணக்கில் வரவில்லை. உடம்புக்கு ஏதாவது என்று பயந்து போன் செய்தேன். எடுத்தது மச்சினன்.

"ஒங்க வெளாட்டால எங்க வீட்ல சண்டைங்க" என்றார். "மச்சானக் கூப்புட்டுக் கொட்டை ஒடைக்க உக்கார வச்சிருக்கு எங்க அக்கா. அந்தக் கொட்டைத் தோல்ல ஒரு எண்ண இருக்கு, பட்டா கைத்தோலு உரிஞ்சுபோகும். வெரலெல்லாம் வெந்துபோச்சு. ஊரு என்னய என்ன நெனைக்கும்? கண்ணு தெரியாத மனுசன வேலைக்கு விட்டுட்டான்னு பேசுவாங்கல்ல? நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க."

அவருடைய வருத்தமும் பொய்யில்லை. அக்கா புருஷன் கண் இல்லாமல் வந்து நின்ற நாளிலிருந்து திருப்பூரில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து, அந்தத் தோப்பையும் வீட்டையும் தாங்கியவர். நான் நேரில் வருவதாகச் சொன்னேன்.

போனபோது தோப்பு ஓரத்தில், தகரக் கொட்டகையின் நிழலில் வறுத்த கொட்டை குவிந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரோடு அவரும் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு கல், கையில் ஒரு கட்டை, பக்கத்தில் ஒரு தட்டில் சாம்பல். கொட்டையை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்து, கல்லில் வைத்துத் தட்டி, பருப்பைப் பிரித்துப் போட்டார். விரல் நுனிகள் கறுத்து, இரண்டு இடத்தில் தோல் உரிந்திருந்தது. எண்ணெய் கையில் ஒட்டாமலிருக்க இடையில் சாம்பலைத் தொட்டுக்கொண்டார்.

மச்சினன் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். "பாத்தீங்களா கைய? அக்கா, ஒனக்கு மனசாட்சி இருக்கா? ஆள் வச்சுக்க மாட்டமா?"

"ஆள் இருக்கு. அவரையும் நான்தான் கேட்டேன்" என்றார் அந்த அக்கா. சத்தம் போடவில்லை. "மழ வாரதுக்குள்ள முடியணும், ஒரு கை கொறையுது, வாரீங்களான்னு கேட்டேன். வந்தாரு. ஒனக்கு ஊரு பேசுறது பெருசாத் தெரியுது. நாளெல்லாம் அவரு அந்தக் கட்டில்ல உக்காந்திருந்தப்ப நான்தான பாத்துக்கிட்டு இருந்தேன்."

"கீழ விழுந்தா? நெருப்புல கைய வச்சா?"

"மாப்ள" என்றார் அவர், கட்டையை நிறுத்தாமல். "நெருப்புக்கிட்ட நான் போகல. நீ போய் மோட்டர நிப்பாட்டு. தொட்டி நெறஞ்சு வழியுது, சத்தம் கேக்குதுல்ல."

மச்சினன் காதைத் தீட்டினார். வழியத்தான் செய்தது. வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே அங்கிட்டுப் போனார்.

நான் ஒரு சாக்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தலைமையாசிரியர் அவரை விசாரித்ததாகச் சொன்னேன். புதிதாக வருகிறவர்களை இப்போது அவர்தான் ஓடத்துக்குக் கூப்பிடுகிறார், இலக்கணத் தமிழில் கூப்பிடுகிறார் என்றேன். "கூப்புடட்டும், கூப்புடட்டும்" என்றார். பிறகு, மழைக்காலத்தில் வந்து பார்ப்பதாகச் சொல்லச் சொன்னார். அவர் மனம் பேச்சில் இல்லை. விரல்கள் கொட்டையைத் தேடிக்கொண்டிருந்தன.

அந்த அக்கா குனிந்து அவர் முன்னாலிருந்த பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தார். முகம் மாறியது.

"இது என்னங்க, பாதிக்குப் பாதி நொறுங்கிக் கெடக்கு? இந்த அடி அடிச்சா முழுப் பருப்பு எப்படி வரும்? லாரியா ஓட்டுறீங்க? பதமாத் தட்டுங்கன்னு காலைல இருந்து சொல்றேன். காதுல வாங்குறீங்களா? அந்தப் பொம்பளைங்களோடதத் தொட்டுப் பாருங்க, எப்படி முழுசு முழுசா இருக்குன்னு."

பக்கத்துப் பெண்கள் இருவரும் தலை நிமிராமல் சிரித்தார்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு வந்த மச்சினன் அப்படியே நின்றுவிட்டார். கண் போன பிறகு அவரை அந்த வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை என்று மச்சினன் அப்புறம் என்னிடம் சொன்னார்.

அவர் தலையைச் சாய்த்து, மனைவியின் குரல் வந்த பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு, முழு ஏச்சையும் கேட்டார். முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா தம்பி, என்ன ஏச்சு ஏசுறா பாருங்க" என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு அடுத்த கொட்டையை எடுத்து, விரலால் உருட்டி, கல்லில் வைத்து, இந்த முறை மெதுவாகத் தட்டினார்.